நமக்கு என்று எழுதிய அளவு

அவரை எல்லாரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பட்டறையின் வாடகைப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. புதிதாகக் கேட்கிறவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த மில்லி இல்லை, சாமி; மனிதர் அதை மோந்துகூடப் பார்த்ததில்லை. எஃகுக் குழாயில் கையாலேயே சைக்கிள் ஃபிரேம் கட்டுவது அவர் தொழில். ஆளை அளந்து, அந்த ஆளுக்கென்றே கட்டுவார். எதையும் மில்லிமீட்டரில்தான் பேசுவார். டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்கூட இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி "ஒரு மூணு மில்லி" என்பார். அப்படி ஒட்டிய பெயர் அது.

பட்டறை ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் இருந்தது. ஒற்றை ஜன்னல், அதன் கீழே குழாயை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேசை, சுவரில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இரும்பை அராவும் அரங்கள், மூலையில் சங்கிலியால் கட்டிய இரண்டு கேஸ் சிலிண்டர்கள். நடுச்சுவர் வழியாகச் சலவைக்கடையின் சூடும் சோப்பு வாசனையும் வந்துகொண்டே இருக்கும். மில்லி கட்டிய வண்டி முதல் இரண்டு நாள் துவைத்த சட்டை மாதிரி மணக்கும் என்று ஒரு கிண்டல் உண்டு.

கடையில் விற்கிற சைக்கிள் நாலு அளவில் வரும். உலகத்தில் உள்ள அத்தனை உடம்பும் அந்த நாலுக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது கம்பெனிக்காரர்களின் நியாயம். அடங்காதவர்கள் மில்லியிடம் வந்தார்கள். முதுகுவலிக்காரர்கள் வந்தார்கள். ஒட்டகம்போல் வளர்ந்துவிட்டவர்கள் வந்தார்கள். ஒரு கால் இன்னொன்றைவிட இரண்டு விரல் குட்டையான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். அவருக்குக் கட்டிய வண்டியில் அவர் ஏறிப் போவதைப் பார்த்தால் எந்தக் கால் குட்டை என்று யாராலும் சொல்ல முடியாது.

அளவெடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும். சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். பிறகு மில்லி ஒரு தடித்த அகராதியைக் கொடுத்து, கால் இரண்டுக்கும் நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்த மாதிரி இறுக்கமாக மேலே இழுத்துப் பிடிக்கச் சொல்வார். அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் ஒரு பென்சில் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை கால் உயரம். வளைந்து கொடுக்காத மனிதர் வேறா, அவரை "அகராதி பிடிச்ச ஆளு" என்று ஊரில் சொன்னது இரண்டு விதத்திலும் உண்மைதான்.

உயரம், கால், உடம்பு, கை, தோள், தொடை, பாதம். மொத்தம் ஏழு எண். பாதம் கடைசி வரி. அது பெடலுக்கு மட்டும், குழாய் அறுக்க அது வேண்டியதில்லை. மில்லி எண்ணைச் சொல்வார், அக்கா திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவாள். எழுதிய பிறகு அந்த எண்தான் சட்டம். வண்டிக்காரரே வந்து "கொஞ்சம் நீளமாத் தெரியுதே" என்றாலும் காதில் வாங்க மாட்டார். "கண்ணு பொய் சொல்லும், எண்ணு பொய் சொல்லாது" என்பார். இந்த வாக்கியத்தை அவர் சொல்லிச் சொல்லி, சலவைக்கடை அம்மாகூடக் கறை போகவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் அதையே எடுத்துவிடுவார்.

அக்கா அவரைவிட மூன்று வயது மூத்தவள். பகலில் ஒரு அலுவலகத்தில் டைப்பிங் வேலை, சாயங்காலமும் விடுமுறை நாளும் பட்டறையில் நோட்டு. இரண்டு அறை வீட்டில் அவளும் தம்பியுமாக இருந்தார்கள். அவருக்குக் கல்யாணம் வாய்க்கவில்லை. முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை. அக்காவுக்கு முதலில் அப்பாவின் நோய்ப்படுக்கை, அப்புறம் அம்மாவின் படுக்கை, அதற்கப்புறம் தம்பியின் சாப்பாடு. நீ ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. உடன்பிறந்தவரும் கேட்கவில்லை.

கேட்டது ஒரு தபால்காரர். முப்பது வருஷம் சைக்கிளிலேயே கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்க்காரர். இனிமேலாவது உடம்புக்குப் பொருந்துகிற வண்டி ஓட்டவேண்டும் என்று வந்தார். அளந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, கால் அளவில் சந்தேகமாக இருக்கிறது என்று மறுபடியும் வந்தார். அளந்தார்கள். மூன்றாவது தடவையும் வந்தார். ஒரு மனிதனுக்கு அறுபது வயதுக்கு மேல் கால் எத்தனை தடவை வளரும்? இதைச் சின்னக் குழந்தை கேட்கும். மில்லிக்குத் தோன்றவில்லை. மூன்று தடவையும் ஒரே எண் வந்ததில் அவருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியாக்கா, ஒரு மில்லி மாறல" என்றார். அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தபடி அக்கா சொன்னாள்.

"நானும் தபால்காரரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். சும்மா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துதான். அப்புறம் அவர் ஊருக்குப் போயிடுவேன்."

ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி இதைச் சொல்ல எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். தம்பி என்ன சொல்வான் என்று எத்தனை விதமாக நினைத்திருப்பாள். கோபிப்பான், அழுவான், ஊர் சிரிக்கும் என்பான், இல்லை சந்தோஷம் என்பான். மில்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அளவை யாரு எழுதுவா?"

அக்கா இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவி முடித்து வந்து, "எழுத ஆள் கிடைப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு போகிற நாள் வரை இருவரும் தண்ணீர் வந்ததா, விளக்கை அணைத்தாயா என்பதுபோன்ற பேச்சுதான் பேசினார்கள்.

கையெழுத்துப் போடும் நாளுக்கு முன்தினம், "வந்து நின்னா போதும், சாட்சிக்கு வேற ஆள் இருக்கு" என்றாள். ஒரு ஃபிரேம் நெருப்பில் நிற்கிறது, விட்டுவிட்டு வரமுடியாது என்றார் இவர். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? ஒரு மூட்டு நெருப்பில் நிற்பது மிஞ்சிப்போனால் பத்து நிமிஷம். முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளிடம் போய் அதைச் சொன்னார்.

போனபின் முதல் மாதத்தில் இரண்டு மூன்று முறை போன் செய்தாள். அவர் அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் கிரீஸ் இருந்தது என்பது காரணம். கையைத் துடைத்த பிறகும் கூப்பிடவில்லை என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. பிறகு அது அடிப்பதும் நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம். வீம்பில் மட்டும் ஒரு மில்லி வித்தியாசம் கிடையாது.

வீட்டில் அக்காவின் கட்டில் அப்படியே இருந்தது. அவர் அதன் மேல் துணி மடித்து வைத்தார், பிறகு பழைய டயர்களை வைத்தார், பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துடைத்து வெறுமனே விட்டார். ஒரு டம்ளர் கழுவினால் போதும் என்பது அவருக்குப் பழகவே இல்லை. காலையில் பட்டறையில் முதல் ஆளிடம் பேசும்போது குரல் கரகரத்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பேசாத தொண்டை.

அளவெடுக்க வருகிறவர்களிடம் "கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லத் தொடங்கினார். நோட்டைப் பிடிக்க, எழுத. கூட்டிக்கொண்டு வந்தார்கள். மனைவி வந்தாள், மகன் வந்தான், ஒருவருக்கு மாமியாரே வந்து நின்று எழுதினார். அக்கா போன பிறகு வந்த பத்து மாதத்தில் எனக்குக் கூட்டி வர ஆள் இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரு ஆள் இருந்தது. இது மில்லிக்கு வலித்தது.

இப்படி இருக்கும்போதுதான் சலவைக்கடை அம்மா, இஸ்திரி போட்ட சட்டைகளைக் கொண்டுவந்து வைஸ் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"உங்க அக்கா நேத்து எனக்குப் போன் பண்ணாங்க. தம்பி இளைச்சுட்டானான்னு கேட்டாங்க."

மில்லி அரத்தைக் கீழே வைக்கவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? சட்டையைத் துவைக்கிறவளுக்குக் காலர்லயே தெரியும். இளைச்சிருக்கார்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல. அப்படியே வச்சுட்டாங்க."

அன்றைக்கே முடிவு செய்தார், போய் அக்காவைப் பார்ப்பது என்று. கதவைத் திறப்பாளா, திறந்தாலும் உள்ளே வா என்பாளா, அது தெரியாது. ஆனால் எப்படிப் போவது என்பதில் ஒரு சிக்கல். பஸ்ஸில் போய் இறங்கினால் அதற்கென்றே வந்த மாதிரி ஆகிவிடும். சைக்கிளில் போனால், புது ஃபிரேம் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன், வழியில் உன் வீடு இருந்தது என்று சொல்லிவிடலாம். அந்த ஊர் எந்த ஊருக்கும் வழியில் இல்லை என்பது வேறு விஷயம். மானஸ்தனுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் புது ஃபிரேம் எங்கே இருக்கிறது? ஊருக்கெல்லாம் கட்டியவர், தான் ஓட்டியதோ எவரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன ஒரு கிழட்டு வண்டி. அது கடைத்தெருவுக்குப் போய் வரும். அதற்குமேல் கேட்டால் வழியிலேயே உட்கார்ந்துவிடும். தனக்கென்று ஒன்று கட்டினால்தான் உண்டு. கட்ட வேண்டுமானால் அளக்க வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். மனிதன் தன்னைத்தானே அளந்துகொள்ள முடியாது. உயரத்தை ஒப்பேற்றிவிடலாம். அகராதியைப் பிடித்து, குனியாமல் பின்னால் கையை விட்டுக் கோடு போட்டுக் கால் உயரத்தையும் ஒருவழியாக எடுத்துவிட்டார்: எழுநூற்று அறுபது. ஆனால் கை? தோள் எலும்பில் டேப்பின் முனையை வைத்து, நீட்டிய கையில் பிடித்திருக்கும் பென்சில் வரை அளக்க வேண்டும். டேப்பைத் துணி மாட்டும் கிளிப்பால் சட்டையில் மாட்டிப் பார்த்தார், வழுக்கியது. எண்ணைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் தோள் திரும்பிவிடுகிறது. மூன்று தடவை எடுத்ததில் மூன்று எண் வந்தது. மூன்று எண் என்றால் எண்ணே இல்லை என்று அர்த்தம். உடம்பு நீளமும் அப்படித்தான்.

வருகிறவர்களில் ஒருவரிடம் "என்னைக் கொஞ்சம் அளந்து விடுங்க" என்று கேட்டிருக்கலாம். இரண்டு பேரிடம் வாய் வரைக்கும் வந்தது. அதைக் கேட்டால் உங்களுக்கு யாரும் இல்லையா என்று அவர்கள் நினைப்பார்கள் என்று தோன்றியதும் விழுங்கிவிட்டார். சலவைக்கடை அம்மாவிடம் போய், நான் அகராதியைக் காலிடுக்கில் பிடிக்கிறேன், நீங்கள் கோடு போடுங்கள் என்று கேட்பதை நினைத்ததுமே காது சிவந்துவிட்டது.

கடைசியில் பழைய நோட்டுகளை எடுத்தார். எப்போதாவது அக்கா தன்னை அளந்து வைத்திருக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை. அக்கா பக்கத்துக்கு ஒரு ஆளாக எழுதுவாள். தலைப்பில் ஆளின் அடையாளம் இருக்கும். முதுகுவலிக்காரர். வாத்தியார். சிவப்புச் சட்டை. இரண்டாவதாகத் திறந்த நோட்டில், பேக்கரி முதலாளிக்கும் கண்ணாடிக்காரருக்கும் நடுவே, ஒரு பக்கத்தின் தலைப்பு ‘நமக்கு’ என்று இருந்தது. பதினாலு வருஷத்துக்கு முந்தின தேதி.

நமக்கு என்றால் வீட்டு ஆளுக்கு. வீட்டில் சைக்கிள் ஓட்டுகிற ஆள் யார்? தான்தான். உயரத்தைப் பார்த்தார்; தன் உயரத்தைவிட இரண்டு மில்லிதான் வித்தியாசம். கால், எழுநூற்று அறுபத்திரண்டு. சரியாகத்தான் இருக்கிறது, வயதாக ஆக இரண்டு மில்லி தேயாதா என்ன. தன்னை எப்போது நிற்கவைத்து அளந்தாள் என்பது ஞாபகமே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது மனது இளகிவிட்டது. தம்பிக்கும் ஒரு வண்டி வேண்டும் என்று பதினாலு வருஷத்துக்கு முன்னாலேயே அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது பார் என்று நினைத்தார். கண் கலங்கியது. அந்த நேரத்தில் யாரும் உள்ளே வராதது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் குழாய் எடுத்தார். மற்றவர்களுக்குக் கட்டும்போது சத்தமில்லாமல் வேலை செய்கிறவர், இந்தத் தடவை என்னவோ முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அறுத்த குழாயின் முனையை அரை நிலா மாதிரி குடைந்து அராவ வேண்டும். அப்போதுதான் அது இன்னொரு குழாயின் முதுகில் இடைவெளி இல்லாமல் உட்காரும். உட்காருகிறதா என்று பார்க்க இரண்டையும் சேர்த்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அரம்.

மேல் குழாயை அறுத்து வைத்தபோது கண் ஒன்று சொன்னது. குட்டையாக இருக்கிறதே என்று சொன்னது. அவர் நோட்டைப் பார்த்தார், டேப்பை வைத்துப் பார்த்தார், எண் எண்ணாக இருந்தது. கண்ணு பொய் சொல்லும் என்று கண்ணுக்கே பாடம் நடத்திவிட்டு மேலே போனார்.

மூட்டுகளில் வெள்ளைப் பசையைத் தடவி, கேஸ் நெருப்பைக் காட்டினார். எஃகு மங்கிய சிவப்புக்கு வரும்போது பித்தளைக் கம்பியை வைத்தால், அது உருகி மூட்டைச் சுற்றித் தானாக ஓடும். ஒரு நொடி முந்தினால் ஒட்டாது, ஒரு நொடி பிந்தினால் குழாய் வெந்துவிடும். எட்டு மூட்டு. பிறகு முன் கழுத்திலிருந்து பின் சக்கரம் மாட்டும் இடம் வரை நூல் கட்டி, இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். அரை மில்லி கோணல் இல்லை. பட்டறையில் மிச்சமிருந்த கரும்பச்சை பெயின்டை அடித்தார். இருபத்திரண்டு நாளில் சக்கரம், பெடல், பிரேக் எல்லாம் மாட்டி வண்டி நின்றது. அவர் கட்டியதிலேயே நல்ல ஃபிரேம் அது. இதை நான் சொல்லவில்லை. அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

சந்துக்குள் கொண்டுபோய் ஏறி உட்கார்ந்தார். கால் சரியாக எட்டியது. கையை நீட்டினார், நீட்ட இடமே இல்லை. ஹேண்டில்பார் வயிற்றுக்கு வந்து நின்றது. பெடலை ஒரு சுற்று மிதித்ததில் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. இறங்கினார். நூல் கட்டி மறுபடி அளந்தார். ஃபிரேமில் ஒரு குற்றம் இல்லை. அக்கா எழுதியதும் தப்பாக இருக்காது; முப்பது வருஷத்தில் அவள் ஒரு எண்ணை மாற்றி எழுதியதில்லை. அப்படியானால் தன் உடம்புதான் தப்பா என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது, ஈரத் துணிக்கூடையோடு சலவைக்கடை அம்மா வந்தார். வண்டியைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார்.

"அட, கடைசியில அக்காவுக்கு வண்டி கட்டிட்டீங்களா. பார்த்தாலே தெரியுது. அன்னைக்கு நான்தானே டேப்பைப் பிடிச்சேன்."

"என்னைக்கு?"

"அது ஆச்சு பத்துப் பதினஞ்சு வருஷம். நீங்க குழாய் வாங்கப் போயிருந்தீங்க. ‘நமக்கும் ஒண்ணு கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு, கொஞ்சம் வந்து பிடிங்க’ன்னு கூப்பிட்டாங்க. வந்து பிடிச்சேன். அவங்க கேக்கலியா உங்ககிட்ட?"

மில்லி உள்ளே போனார். நோட்டைத் திறந்தார். குழாய்க்குத் தேவையில்லை என்று அவர் பார்க்காமல் விட்ட கடைசி வரியைப் பார்த்தார். பாதம், இருநூற்று இருபத்தெட்டு. செருப்பைக் கழற்றித் தன் காலை ஸ்கேல் மேல் வைத்தார். இருநூற்று ஐம்பத்தாறு.

எனக்கு என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நமக்கு என்பார்கள். "நமக்குக் காரம் ஆகாதுங்க", "நமக்கு அந்த நிறம் பிடிக்காது" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மில்லியும் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது அதில் அக்கா இருப்பாள் என்று ஒரு நிமிஷம்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அந்த வண்டியிலேயே கிளம்பினார். சீட்டைப் போகிற வரை பின்னால் தள்ளி, முழங்காலை வெளிப்பக்கமாக அகட்டிக்கொண்டு மிதித்தார். சர்க்கஸ் கரடி தோற்றது போங்கள். வழியில் ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, பாப்பா வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றரை மணி நேரத்தில் போகிற தூரம் ஆறு மணி நேரம் ஆயிற்று. வழியில் உன் வீடு இருந்தது என்கிற சாக்கு இனிச் செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு எதுவும் யோசித்து வைக்கவில்லை.

கேட்டைத் திறந்தவர் தபால்காரர். தினமும் வருகிற ஆளைப் பார்த்த மாதிரி "வாங்க, வாங்க" என்றார். முப்பது வருஷம் பெடல் மிதித்தவர், அடுத்த பேச்சு வண்டியைப் பற்றித்தான். "உங்களுக்குச் சின்னதா இருக்கே."

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள்.

"யாரு வண்டி?"

"நோட்டுல ‘நமக்கு’ன்னு ஒரு அளவு இருந்துச்சு. அது." பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டார். "அது என் அளவுன்னு நெனச்சுக் கட்டிட்டேன்."

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "உன்மேல தப்பு இல்ல. நம்ம வீட்டுல நமக்குன்னா அது எப்பவும் உனக்குத்தானே."

"நீ கேட்டிருந்தா அன்னைக்கே செஞ்சிருப்பேன்க்கா."

"நான் ஏன் கேக்கணும்? ஊரே வந்து உன் செவுத்துல நின்னுச்சு. பக்கத்துலயே நோட்டும் பென்சிலுமா நான் நின்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘அக்கா, செருப்பைக் கழட்டிட்டு நீயும் வந்து நில்லு’ன்னு உன் வாயில வந்துச்சா?"

தபால்காரர் உள்ளே போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் கேட்டின் கொண்டியைப் போட்டுப் போட்டு எடுத்தார்.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு," என்றார் மில்லி.

"எது?"

"அளவை யாரு எழுதுவான்னு கேட்டது."

அக்கா வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். சீட்டை முன்னால் தள்ளச் சொன்னாள், தள்ளிக் கொடுத்தார். ஏறினாள். ஐம்பத்தொன்பது வயது, சைக்கிள் ஓட்டிப் பல வருஷம்; முதல் பத்தடி வண்டி இப்படியும் அப்படியும் ஆடியது, இரண்டு ஆண்களும் ஓடிப்போய்ப் பிடிக்கத் தயாராக நின்றார்கள். அப்புறம் ஆடவில்லை. கை நீட்டிய இடத்தில் கைப்பிடி இருந்தது, முதுகு வளையாமல் இருந்தது. தெருக்கோடிக்குப் போய்த் திரும்புவாள் என்று பார்த்தால், அவள் திரும்பாமல் அடுத்த தெருவுக்குள் போய்விட்டாள்.

வெகுநேரம் வரவில்லை. "வந்துடுவா," என்றார் தபால்காரர். "வந்துடும், மாமா," என்றார் மில்லி. அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தபால்காரர் கொண்டியைப் போட்டு எடுப்பதை நிறுத்தினார்.

அக்கா வந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "முன் பிரேக் கொஞ்சம் இறுக்கம். மத்தபடி சரியா இருக்கு." இதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. பிறகு முதல் முறையாகத் தம்பியை முழுசாகப் பார்த்தாள். காலரையும் பார்த்தாள்.

"நீ எப்படித் திரும்பிப் போவே?"

"பஸ்லதான்."

"உனக்கு ஒண்ணு கட்டிக்க வேண்டியதுதானே?"

"அளவு இல்ல."

"ஏன் இல்ல?"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தார். ஆனால் ஆறு மணி நேரம் முழங்காலில் இடித்துக்கொண்டு வந்த களைப்பு. "பிடிக்க ஆள் இல்லக்கா," என்றார். சொல்லிவிட்டுக் கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்தார்.

அக்கா உள்ளே போனாள். வரும்போது தையல் டேப்பும், தபால்காரர் வேலையில் இருந்த காலத்து முகவரிப் புத்தகம் ஒன்றும் கொண்டுவந்தாள். அகராதி அளவுக்கே தடிமன்.

"செருப்பைக் கழட்டு. செவுத்துல நில்லு."

நின்றார். அக்கா அவர் தோளைச் சுவரோடு அழுத்தினாள். முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். முட்டியைத் தட்டி, "மடக்காதே" என்றாள். தோள் எலும்பைத் தேடி இரண்டு விரலை வைத்து, அங்கிருந்து டேப்பை இழுத்தாள். பதினோரு மாதமாக அவரை ஒரு மனிதரும் தொட்டதில்லை. கடையில் சில்லறை வாங்கும்போது விரல் பட்டதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அது அதுவரை அவருக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, மடக்காமல், அசையாமல் நின்றார்.

அக்கா எண்ணைச் சொன்னாள், தபால்காரர் திருப்பிச் சொல்லி எழுதினார். ஏழும் முடிந்ததும், "தலைப்புல என்னன்னு போட?" என்று கேட்டார்.

"தம்பின்னு போடுங்க. தெளிவா எழுதுங்க. ஒரு தடவை ஆனது போதும்."

சாப்பிட வைத்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மில்லி அந்தத் தாளுக்குக் கையை நீட்டினார். அக்கா அதை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"இது இங்க இருக்கட்டும். குழாய் அறுக்கிற அன்னைக்கு வந்து வாங்கிக்க."

"அவருக்கு எதுக்குத் தாள்? ஒரு தடவை காதுல விழுந்தா போதுமே, எண்ணு மறக்காதே," என்று தபால்காரர் சிரித்தார். உண்மைதான். வாத்தியாரின் இரண்டு கால் உயரமும், தபால்காரருக்கு மூன்று தடவை அளந்த கால் உயரமும் இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் எண்களை ஞாபகப்படுத்திப் பார்த்தார். உயரம், கால், உடம்பு, கை. ஒன்றுகூட வரவில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்று அக்கா சத்தமாகச் சொன்ன ஏழில் ஒன்றுகூட அவர் காதில் விழுந்திருக்கவில்லை. தோள் எலும்பில் அந்த இரண்டு விரல் இருந்த இடம் மட்டும் தெரிந்தது. அங்கே தன் கையை வைத்துப் பார்த்தார்.

கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வந்தபோது, "அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தப் பஸ் உண்டுங்களா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை என்னங்க, தினமும் உண்டு," என்றார் கண்டக்டர். "நாளுக்கு நாலு தடவை போயிட்டு வருது. எப்பவும் பாதி காலியாத்தான் போகுது."